பாட்டும் படிப்பே

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

இரவுப் பாடசாலையில் கற்பித்து வரும் நாங்கள், ஒரு தவற்றை ஒப்புக்கொண்டே இவ்வுரையைத் தொடங்குகின்றோம். பலகையில் தாளம் தட்டிப் பாடிய பிள்ளைகளை, 'படிக்கும் வேளையில் பாட்டென்ன?' என்று அதட்டி அடக்கினோம். அவர்களுள் சிலர் அதன்பின் பாடசாலைப் பக்கமே வரவில்லை. பாட்டு வேறு, படிப்பு வேறு என்று எண்ணியதே எங்கள் பிழை.

கடல் கடந்த கறுப்பின மக்களின் வரலாறு இப்பிழையை நமக்கு உணர்த்துகின்றது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு ஏழை மக்கள் சிதறுண்டனர். அங்கே 1973 ஆகஸ்டு 11 அன்று, சிண்டி காம்ப்பெல் என்னும் இளம்பெண் ஓர் ஆடல் விழா நடத்தினார். எதற்காக? பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பொருள் திரட்டுவதற்காக! அவருடைய அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை இயக்கினார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாறிமாறி ஓட்டி, தாள ஒலி மட்டும் வரும் சிறு பகுதியை நீட்டிப்பது அவர் கண்ட உத்தி. ஹிப் ஹாப் கலையின் பிறந்த நாளாக அந்நாளே போற்றப்படுகின்றது.

அதே நகரில் 2013ஆம் ஆண்டில், கிறிஸ்டோபர் எம்டின் என்ற பேராசிரியரும் ஜிசா என்ற ராப் பாடகரும் இணைந்து, பத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் பாடங்களை மாணவர்களே ராப் பாடல்களாக எழுதும் திட்டத்தைத் தொடங்கினர்.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். ஒரு ராப் பாட்டின் பகுதி பெரும்பாலும் 16 அடிகள். அடிக்கு நான்கு தட்டுகள். அளவு தவறினால் தாளம் காட்டிக்கொடுத்துவிடும். அடியிறுதி ஒலி ஒத்து வரவேண்டும். நம் இலக்கணம் இயைபு என்பதும் அதுவே. ஒத்த சொல்லைத் தேடும் மாணவன் அகராதியைப் புரட்டுகின்றான். ஒளிச்சேர்க்கையைப் பாட நினைப்பவன் அதனை விளங்கிக்கொள்ளாமல் ஓரடியும் எழுத இயலாது. எழுதியதை அடித்துத் திருத்துகின்றான். பலர்முன் நின்று பாடுகின்றான். சொல்வளம், பொருளறிவு, பொறுமை, துணிவு ஆகிய நான்கும் ஒருங்கே வளர்கின்றன.

நம் மண்ணிலும் சான்றுண்டு. 2018இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் தென்மாவின் உழைப்பாலும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு சென்னையில் மேடையேறியது. சாதியற்ற தமிழர் என்ற பண்டிதர் அயோத்திதாசரின் கருத்தே அதன் பெயராயிற்று. கானாவும் ராப்பும் அங்கே கைகோத்தன. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் அவர்கள் பாடினர். 'கோட்டாவில் வந்தவனா?' என்ற ஏளனத்தைக் கல்லூரியில் வாய்மூடி விழுங்கிய நம் பிள்ளைகள் எத்தனை பேர்! விடை நெஞ்சில் இருந்தது. எடுத்துரைக்கச் சொல்தான் இல்லை. அச்சொல்லைத் தேடித் தருவது கல்வியின் கடமையன்றோ?

ஆகவே, இனிச் சனிக்கிழமை மாலைதோறும் பாட்டெழுதும் வகுப்பு நடைபெறும். ஒரு பாடப்பொருளோ நம் ஊரின் ஒரு குறையோ எடுத்துக்கொள்ளப்படும். முதலில் செய்தி திரட்டல், பின்னர் எழுதுதல், அதன்பின் திருத்தல், இறுதியில் அரங்கேற்றம். பெண்களை இழிவுபடுத்துவதும் குடியைப் புகழ்வதும் இவ்விசையிலும் புகுந்துள்ளன, அவற்றை விலக்குவோம். சிண்டியின் முயற்சியால் மலர்ந்த கலையில் நம் பெண்மக்களுக்கும் சரிபாதி மேடை வேண்டும். கணக்குக்கும் இலக்கணத்துக்கும் பாட்டு மாற்றாகாது. ஆனால் விலகிப் போனவனை வாசல்வரை அழைத்துவரும். உள்ளே அமர்த்திக் கற்பிப்பது நம் பொறுப்பு.

இளைஞர்களே! உங்களை அதட்டிய நாங்களே இன்று அழைக்கின்றோம். தாளத்தோடு வாருங்கள்; ஏட்டையும் எழுதுகோலையும் மறவாதீர்கள்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!