எடை குறைப்பு அறுவை சிகிச்சையும் ஒரு சங்கமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டாக்டர்கள் சங்கம் என்றாலே வருஷத்துக்கு ஒரு மாநாடு, தோளில் மாட்ட ஒரு பை, ஒரு பேனா, மதியம் நல்ல சாப்பாடு என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. தப்பு என்று சொல்ல மாட்டேன். நானும் அந்தப் பைகளை நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன்! ஆனால் ஒரு சங்கம் அதற்கு மேல் என்ன செய்ய முடியும், எங்கே சறுக்கும் என்பதற்கு அமெரிக்காவில் எடை குறைப்பு சர்ஜன்கள் அமைத்த சங்கம் நல்ல உதாரணம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1950களிலும் 60களிலும் உடல் பருமனுக்கு ஒரு ஆபரேஷன் இருந்தது. சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மேல் பக்கத்துக் கொஞ்சக் குடலைக் கீழ்ப் பக்கத்துக் கொஞ்சக் குடலோடு தைத்துவிடுவார்கள். எடை குறைந்தது, வாஸ்தவம். கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு எல்லாம் வந்தன. இது எத்தனை பேருக்கு வந்தது என்று ஒரே இடத்தில் கணக்கு வைக்க அப்போது ஆள் இல்லை. ஒவ்வொரு சர்ஜனுக்கும் தன்னிடம் திரும்பி வந்த நோயாளியை மட்டும்தான் தெரியும். திரும்பி வராதவர் குணமாகிவிட்டார் என்று நினைத்துக்கொள்வது நம் தொழிலின் பழைய வியாதி.

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்று ஒரு சர்ஜன். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்த நோயாளிகள் எடை போடாமலே இருப்பதைக் கவனித்தார். அதையே சிகிச்சையாக்கினால் என்ன என்று யோசித்து, 1966இல் சிகாஷி இதோ என்பவரோடு சேர்ந்து முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். அந்த ஆபரேஷனுக்காக அவரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவர் செய்த இன்னொரு வேலைதான் பெரிசு. இந்த ஆபரேஷனைச் செய்கிறவர்களை ஆண்டுதோறும் அயோவாவுக்கு அழைத்து, என்ன நடந்தது என்று ஒளிக்காமல் பேச வைத்தார். அந்தக் கூட்டங்களிலிருந்துதான் 1983இல் சங்கம் பிறந்தது. அவரே முதல் தலைவர். பிறகு 80களின் நடுவில், பல ஊர் சர்ஜன்களின் நோயாளிகளையும் பதிவு செய்யும் ஏடு ஒன்றையும் அவர் தொடங்கினார். 2007இல் சங்கத்தின் பெயரில் 'மெட்டபாலிக்' என்ற சொல்லும் சேர்ந்தது. சர்க்கரை வியாதிக்கும் இது வைத்தியம் என்று தெரிந்துவிட்டதால்.

நடுவில் ஒரு சோதனைக் காலம் வந்தது. 1993இல் லேப்ராஸ்கோப் மூலமாக பைபாஸ் செய்ய முடியும் என்று காட்டினார்கள். அவ்வளவுதான், கூட்டம் அலைமோதியது. அமெரிக்காவில் 1998இல் சுமார் 13,000ஆக இருந்த ஆபரேஷன்கள் 2002இல் சுமார் 72,000 ஆயின. ஏறத்தாழ 100 கேஸ் செய்தால்தான் கை படியும் என்கிற ஆபரேஷனை, வார இறுதி வகுப்புக்குப் போய்விட்டு வந்து திங்கட்கிழமை தொடங்கியவர்களும் உண்டு. 2005இல் மெடிகேர் நோயாளிகளின் கணக்கு ஒன்று வெளிவந்தது. ஆபரேஷன் முடிந்த 30 நாளில் 100க்கு 2 பேர் இறந்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் 4.6 பேர். கேஸ் குறைவாகச் செய்த சர்ஜன்களிடம் சாவு அதிகம்.

இங்கேதான் சங்கத்துக்கு உண்மையான பரீட்சை. உறுப்பினர் சந்தா கட்டுகிறவரிடம் போய், 'நீங்கள் இதைச் செய்யத் தகுதியில்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னார்கள். வருஷத்துக்கு 125 கேஸ் செய்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் அங்கீகாரம் என்றார்கள். 2006இல் மெடிகேரும் அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு மட்டுமே பணம் தருவோம் என்றது. 2012இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸோடு சேர்ந்து ஒரே அங்கீகாரத் திட்டமாக்கினார்கள். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு: நோயாளிக்கு என்ன ஆனது என்ற கணக்கை சர்ஜன் எழுதக் கூடாது. அதற்கென்றே பயிற்சி பெற்ற வேறு ஆள் எழுத வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. மறைக்கக் கூடாது. 125 கேஸ் என்ற கோடு யாருக்கு லாபம்? ஏற்கெனவே பெரிதாக இருந்த ஆஸ்பத்திரிகளுக்குத்தானே? சின்ன ஊர் ஏழை நோயாளி நூறு மைல் பயணம் போக வேண்டியதாயிற்று. 2013இல் வந்த ஆய்வு ஒன்று, இந்த விதிக்கு முன்னும் பின்னும் பார்த்தால் விதியால் தனியாகப் பலன் தெரியவில்லை என்றது. அதே ஆண்டு மெடிகேர் விதியை எடுத்துவிட்டது. சங்கம் கடுமையாக எதிர்த்தது. நோயாளிக்காகவா, தன் செல்வாக்குக்காகவா என்று கேட்டால், இரண்டும் கலந்துதான் என்பது என் எண்ணம். தகுதிக்கான எண்ணிக்கையைப் பிற்பாடு 50ஆகக் குறைத்தார்கள் என்பதையும் பாருங்கள். ஆனால் ஒன்று: கட்டாயம் போன பிறகும் ஆஸ்பத்திரிகள் கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. அது சங்கத்தின் சாதனை.

2005க்கும் 2007க்கும் இடையில் பத்து மையங்களில் 4,776 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 30 நாளில் இறந்தவர்கள் 0.3 சதவீதம். மெடிகேர் நோயாளிகள் வயதானவர்கள், ஊனமுற்றவர்கள். ஆகவே இரண்டு எண்ணையும் நேருக்கு நேர் வைத்து மார்தட்டிக்கொள்ளக் கூடாது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணி வைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. இரைப்பையைச் சுற்றிப் போடும் பட்டை 2001இல் அங்கே அனுமதி பெற்றது. கம்பெனிகளின் விளம்பரம் ஊரெல்லாம். 2011இல் மொத்த ஆபரேஷன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்தப் பட்டைதான். பிறகு பட்டை நழுவுவதும், அதைக் கழற்ற மறு ஆபரேஷன் செய்வதும் கணக்கில் ஏற ஏற, 2018க்குள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. பழைய குடல் ஆபரேஷன் காலத்தில் இப்படிக் கணக்கு இருந்திருந்தால் எத்தனை கல்லீரல் பிழைத்திருக்கும்!

நமக்கு நேரடியாக சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். யாருக்கு ஆபரேஷன் என்பதற்கு 1991இல் அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு ஒரு வரம்பு வகுத்தது: பி.எம்.ஐ. 40, அல்லது கூடவே வேறு வியாதி இருந்தால் 35. இந்த வரம்பு 31 வருஷம் ஓடியது. 2022இல் அந்தச் சங்கமும், 1995இல் தொடங்கிய உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து திருத்தின. வியாதி இல்லாவிட்டாலும் 35 போதும். சர்க்கரை வியாதி போன்றவை இருந்தால் 30லிருந்தே யோசிக்கலாம். ஆசிய மக்களுக்கு 27.5 என்றே வைத்தார்கள். நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதி வருகிறது என்பது காரணம். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இது 75 கிலோ. (சிரிக்காதீங்க, நானும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.) இதனால் கத்திக்கு வேலை கூடும் என்பதும் உண்மை. கோட்டைத் தாழ்த்துகிறவர்களே கத்தி பிடிக்கிறவர்களாகவும் இருக்கும்போது, மற்ற துறையினரும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். அந்தச் சங்கத்தில் நர்சுகள், டயட்டீஷியன்கள், மனநல நிபுணர்களும் உறுப்பினர்கள்; இது எனக்கு ஓரளவு ஆறுதல். 2021இல் செமாக்ளூடைட் ஊசி எடை குறைப்புக்கு அனுமதி பெற்ற பிறகு, 'இவருக்கு ஆபரேஷன் வேண்டாம், ஊசி போதும்' என்று சொல்லும் நேர்மையும் அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

கடைசியாக ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர் வேறு எங்கோ செய்துகொண்டு, நள்ளிரவில் உங்கள் காஷுவால்டிக்குத்தான் வருவார். சில வாரமாக வாந்தி, தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு என்பார்கள். வெறும் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிடாதீங்க. முதலில் தயமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ். மாற்றிச் செய்தால் மூளை பாதிக்கப்பட்டு, ஞாபகசக்தியே திரும்பாமல் போகலாம். பி12, இரும்புச்சத்து எல்லாம் ஆயுசு முழுக்கப் பார்க்க வேண்டும். அந்தச் சங்கம் எழுதிய சத்துணவு வழிகாட்டியில் இவை எல்லாம் இருக்கின்றன; நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.