வாழைத்தோல் புரளியும் ஊமத்தை விஷமும்

1967 மார்ச்சில் அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பத்திரிகையொன்று, காய்ந்த வாழைப்பழத்தோலைப் புகைத்தால் போதை உண்டாகும் என்று எழுதியது. நாடெங்கும் வதந்தி பரவிற்று. அந்நாட்டு சர்க்காரின் உணவு, மருந்து நிர்வாகம் அதே ஆண்டில் சோதித்துப் பார்த்தது. போதைச் சரக்கு எதுவும் அதில் இல்லை! ஆயினும் 1971-ல் ஒரு புத்தகம் அதையே உண்மையென அச்சிட்டது. இன்று இணையத்திலும் அந்தப் புரளி உலவுகிறது.

வாழைத்தோல் ஏமாற்றியதோடு சரி. ஆனால் ஊமத்தை? அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் விஷங்களின் அளவு செடிக்குச் செடி மாறும். "இவ்வளவு தின்றால் ஆபத்தில்லை" என்று எவர் எழுதினாலும் நம்பாதீர்கள்! இயற்கையில் விளைந்ததெல்லாம் அமுதமல்ல. எந்தச் செய்தியானாலும், யார் சோதித்துச் சொன்னது என்று கேளுங்கள். யாரேனும் தின்றுவிட்டால், கைபேசியில் வைத்தியம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்!