பிழை காணும் கண்



நம் காலனிப் பிள்ளைகள் சண்டைப் படங்களில் பிழை கண்டு நகைக்கின்றனர். நல்ல பயிற்சியே. காட்சிகள் கதை வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. ஆதலின், கிழிந்த சட்டை மறுநொடியே தைத்தாற்போல் தோன்றும்.

ஆனால் 'கேம் ஆப் டெத்' படத்தை நோக்குங்கள். 1972-இல் அதைத் தொடங்கிய புரூஸ் லீ, 1973 ஜூலை 20-ஆம் நாள், 32-ஆம் வயதில் மறைந்தார். 1978-இல் வெளிவந்தபோது பெரும்பகுதியில் அவரைப்போன்ற வேறு நடிகர்களே தோன்றினர். ஒரு காட்சியில் கண்ணாடிமீது அவர் முகப்படத்தை ஒட்டினர். அவருடைய மெய்யான இறுதிச் சடங்கையும் கதையிற் சேர்த்தனர்.

ஒட்டிய முகத்தைக் கண்டு நகைக்கலாம். இறுதிச் சடங்கைக் கண்டும் நகைப்போமா? முன்னது தொழிற்பிழை, பின்னது அறப்பிழை. இவ்வேறுபாட்டையும் நம் பிள்ளைகள் காணப் பழகுவார்களாக!