மணலுக்குள் ஓடும் பொன்முகலி
(மலை ஆறுகள் பற்றிய கருத்தரங்கின் தலைமை உரை, ரேணிகுண்டா)



தலைமை ஏற்கச் சொல்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து மகிழ்ச்சியும் கலக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. பாறையை என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். மழையை என்னைவிட நுட்பமாக அளப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு ஆற்றோடு நீண்டகாலப் பழக்கம் மட்டுமே. அதை நம்பித்தான் எழுந்து நிற்கிறேன்.

நம்மில் பெரும்பாலோருக்கு ரேணிகுண்டா வண்டி மாறுகிற இடம். குண்ட என்றால் தெலுங்கில் குட்டை, பள்ளம். நீர் தேங்கிய இடத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரில் ஆறுகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

"மலை ஆறுகள்: பாறை, உயிர், காலநிலை" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்றுக்கும் இதைவிடப் பொருத்தமான களம் தென்னிந்தியாவில் குறைவு. வில்லியம் கிங் 1872இல் கடப்பை, கர்நூல் பாறைத் தொகுதிகளைப் பற்றி எழுதிய நூலிலிருந்து இன்றுவரை நம் துறையின் கண் இந்த மலைகளை விட்டு அகலவில்லை. திருமலைக்கு ஏறும் சாலையில், கீழே ஆர்க்கேயன் கருங்கல்லும் மேலே நகரி குவார்ட்சைட்டும் சந்திக்கும் கோட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்த ஒரு கோட்டில் தொலைந்துபோன காலம் 50 கோடி ஆண்டா, 80 கோடி ஆண்டா என்ற வழக்கை இன்று நான் தொடப்போவதில்லை. அதற்குத் தனி அமர்வு இருக்கிறது.

உயிர் என்று பார்த்தால், 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. செஞ்சந்தனத்தைப் பற்றி இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெடோம் 1870இல் விவரித்த பொன்பல்லியை மட்டும் ஒரு காரணத்துக்காகக் குறிப்பிடுகிறேன். நிழலும் ஈரமும் உள்ள பாறைப் பிளவுகளில், ஓடைகளை ஒட்டி வாழ்வது அது. அதன் பிளவு காய்ந்தால் அதற்குப் போக வேறு இடமில்லை. காலநிலைக்கு வந்தால், திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் 1990களின் தொடக்கம் முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது நமக்குப் பாலபாடம். வடகிழக்குப் பருவத்தில் அது எப்படி இறங்குகிறது என்பதைப் பிற்பகலில் அறிந்தவர்கள் பேசுவார்கள்.

தலைப்புக்கு என் கடமை இவ்வளவு. இனி நான் பேச வந்ததைப் பேச அனுமதி வேண்டும்.

இந்த ஊருக்கு அருகே போகிற சுவர்ணமுகியை, தமிழில் பொன்முகலியை, பற்றிய நம் கட்டுரைகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: பருவகால ஆறு. அதாவது மழை வந்தால் ஓடும், மற்ற நாளில் வெறும் மணல். அண்மைக் கட்டுரைகள் ஒருபடி மேலே போய், காலநிலை மாற்றத்தால் ஆறு வறண்டுவிட்டது என்றும் எழுதுகின்றன. இரண்டையும் நான் மறுக்கிறேன்.

சிறுவயதில் இந்த ஆற்றின் கரையில் வளர்ந்தவன் நான். கோடையில் எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஆற்றில் இறங்குவார்கள். முழங்கை ஆழம் மணலைக் கையால் விலக்கி, ஊற்று சுரக்கும்வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அவர்கள் யாரும் ஆறு வறண்டுவிட்டது என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆறு கீழே போயிருக்கிறது என்பார்கள். நீரியலில் அடியோட்டம் என்று நாம் படிப்பதும் அதுதான். பரும்மணலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வெற்றிடம். அந்த இடைவெளியில் நிற்கும் நீர் இரண்டு மூன்று அடிக்குக் கீழே போய்விட்டால் வெயிலால் அதை எளிதில் தொட முடியாது. திறந்த நீர்த்தேக்கம் ஆவியாக இழப்பதை மணல் காப்பாற்றி வைக்கிறது. நம் அளவீட்டு நிலையங்களோ மேலே ஓடுவதைத்தான் அளக்கின்றன. மணலுக்குள் போவது அவற்றின் பதிவேட்டில் சுழியம். அந்தச் சுழியத்தைப் படித்துவிட்டு ஆறு இல்லை என்று எழுதியிருக்கிறோம்.

இந்த அடியோட்டத்தை நம் முன்னோர் அறிந்து, அதை நம்பி வேளாண்மை செய்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து இங்கு வரை அதன் பெயர் ஊற்றுக்கால். தெலுங்கில் ஊட்ட காலுவ. ஆற்று மணலில் சரிவாக வாய்க்கால் வெட்டி, கசியும் நீரைக் கரைக்குக் கொண்டுவந்து வயலுக்கு விடுவது. மணலால் தூர்ந்ததும் ஊர்கூடி மறுபடியும் வெட்டுவார்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை திருப்பதியும் சந்திரகிரியும் வட ஆர்க்காட்டில் இருந்தவை. ஆகவே இந்த மண்ணின் பாசன வரலாற்றை ஆந்திரப் பதிவுகளில் மட்டும் தேடுகிற நண்பர்களுக்குப் பாதி ஆவணம் கிடைக்காமல் போகிறது.

இப்போது நம் துறை கைவைக்காத சான்றுக்கு வருகிறேன். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை; பெரும்பாலானவை தமிழில். சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றோரின் உழைப்பால் 1930களில் தொகுதிகளாக அச்சேறியவை. பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரையில் இவற்றை வைத்து ஒரு உண்மையை நிறுவினார். விஜயநகர காலத்தில் பக்தர்கள் கொடுத்த பணத்தைக் கோயில் தன் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதில் முதலீடு செய்தது. அதனால் கூடிய விளைச்சலிலிருந்து கொடையாளர் பெயரில் அமுதுபடி நடந்தது. பொருளியலாளர்கள் அதில் மூலதனத்தைப் பார்த்தார்கள். வரலாற்றாசிரியர்கள் அரசைப் பார்த்தார்கள். நாமோ படிக்கவே இல்லை.

சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இதே கருத்தை நான் ஒரு கட்டுரையாகப் படித்தேன். அவையில் இருந்த மூத்த அறிஞர் ஒருவர், கல்வெட்டு நீரியல் தரவு ஆகாது என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார். அன்று எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் மீது மிகுந்த மதிப்பு உண்டு. நிலத்தடி நீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு அவர் எழுத்திலிருந்து கற்றது. அந்த மதிப்போடு இன்று மறுமொழி சொல்கிறேன்.

பொன்முகலியில் திண்ணனார் வாயில் நீர் முகந்து காளத்தியப்பருக்குக் கொண்டு போனதைச் சேக்கிழார் பாடியதை நான் தரவு என்று சொல்லவில்லை. வேங்கடத்தை அருவி பாயும் மலையாகச் சிலப்பதிகாரம் காட்டுவதையும் அப்படிச் சொல்லவில்லை. அவை என் நெஞ்சுக்கு நெருக்கமானவை. ஆனால் அளவீடு அல்ல. கல்வெட்டு வேறு வகை. அது ஒரு ஒப்பந்தம். இத்தனை பணம், இந்த ஊர், இந்தக் கால்வாய், அதிலிருந்து ஆண்டுதோறும் இன்ன அமுதுபடி, சந்திர சூரியர் உள்ளவரை. ஆண்டு தவறாமல் பலன் தர வேண்டிய பணத்தை, நான்கில் மூன்று ஆண்டு காய்கிற வாய்க்காலில் யாரும் போடமாட்டார்கள். கோயில் பண்டாரத்தில் கணக்கு எழுதியவர்கள் நீரின் நம்பகத்தை எடைபோட்டுத்தான் ஊரைத் தேர்ந்திருப்பார்கள். எவ்வளவு நீர் என்று கல்வெட்டு சொல்லாது. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். வெட்டிய கால்வாய் பிறகு ஓடியதா என்பதற்கும் அது உறுதி தராது. ஆனால் எந்தக் கிராமத்தில் நீரை நம்பினார்கள் என்று காட்டும். அந்த ஊர்ப் பெயர்களை நிலவியல் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கும் வேலை இன்னும் நடக்கவில்லை. கல்வெட்டு படிப்பவர் நிலத்தைப் படிப்பதில்லை, நிலத்தைப் படிப்பவருக்குக் கல்வெட்டுத் தமிழ் பிடிபடுவதில்லை. இந்த இடைவெளிக்கு நான் உட்பட நாம் எல்லோருமே பொறுப்பு.

வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பது என் ஊகம். ஊகம் என்றே சொல்கிறேன். குவார்ட்சைட் வெடிப்புகள் நிறைந்த பாறை. மழை அதன் பிளவுகள் வழியே இறங்கும். அடியில் கருங்கல் தடுக்கும் இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து சுனையாகக் கசியும். நாம் 50 கோடி ஆண்டு, 80 கோடி ஆண்டு என்று வாதாடும் அதே கோடு, நீருக்கு வாசற்படி. சேஷாசலத்தின் தென்சரிவில் இறங்கும் ஓடைகள், கல்யாணி உட்பட, பொன்முகலியில் சேர்கின்றன. பொன்பல்லியின் ஈரப்பிளவும் திருச்சானூர் வயலின் ஊற்றுக்காலும் ஒரே நீரின் இரு முனைகள் என்று நான் நம்புகிறேன். இதைத் தவறு என்று யாராவது நிறுவினால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். ஆனால் அதற்கு முதலில் அளக்க வேண்டும்.

அப்படியானால் இன்று ஆற்றில் நீர் ஏன் தங்குவதில்லை? மழையை மட்டும் குற்றம் சொல்வது எளிது. மழை யார் மீதும் வழக்குப் போடாது. 2021 நவம்பரைப் பாருங்கள். தாழ்வு மண்டலம் 19ஆம் தேதி அதிகாலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அதற்கு முந்தைய நாளே சேஷாசலத்தில் கொட்டித் தீர்த்தது. கபில தீர்த்தம் சீறியது, திருப்பதித் தெருக்கள் ஓடைகளாயின. மலையின் மறுபுறம் செய்யேற்றில் அன்னமய்யா அணை உடைந்து பலர் உயிரிழந்தார்கள். அடுத்த சில நாள் ராயலசெருவின் கரை தாங்குமா என்று கீழுள்ள ஊர்களைக் காலி செய்தார்கள். அத்தனை நீரும் இறங்கிய ஆற்றில், அடுத்த கோடையில் ஊற்று தோண்டினால் எத்தனை அடியில் நீர் வந்தது? அதைப் பதிந்து வைத்தவர் நம்மில் யார்?

என் பதில் மணல். நீரைப் பிடித்து வைக்கும் பாத்திரம் அது. கல்யாணியில் 1970களில் கட்டிய அணை திருப்பதிக்குக் குடிநீர் தந்தது. அதன் பயனை மறுக்க மாட்டேன். ஆனால் எந்த அணையும் நீரோடு மணலையும் நிறுத்தும். கீழே லாரிகள் இருந்த மணலையும் அள்ளிப் போயின. 2002இல் ஆந்திரத்தில் நீர், நிலம், மரங்களுக்கென்று சட்டமே வந்தது. சட்டம் வந்த பிறகும் படுகையின் மட்டம் இறங்குவதைப் பாலத் தூண்களின் அடியில் நின்று பார்க்கலாம். மணல் போன ஆற்றில் மழை எவ்வளவு பெய்தாலும் தங்காது. வெள்ளமாக வந்து கடலுக்குப் போகும். அதற்குப் பிறகு வரும் வறட்சியை நாம் காலநிலை என்ற தலைப்பில் பதிவு செய்கிறோம். வெப்பமேறுதலை மறுக்கிறேன் என்று யாரும் தவறாக எண்ண வேண்டாம். வன்மழை கூடப்போகிறது என்பதால்தான் மணல் முன்னெப்போதையும்விட இப்போது தேவை என்கிறேன்.

காதங்கியில் பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றை நம்மால் அளக்க முடிகிறது. அது பெருமைக்குரிய சாதனை. காலடியில் மூன்று மீட்டர் ஆழத்தை அளக்க அத்தகைய கருவி வேண்டியதில்லை. ஒரு குழாயும் ஒரு அளவுநாடாவும் போதும்.

நாளைக் காலைக் களப்பயணத்தில் நேராகத் திருமலைப் பாதைக்குப் போவதாக நிகழ்ச்சிநிரல் சொல்கிறது. அமைப்பாளர்களிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதலில் ஆற்றில் இறங்குவோம். மாணவர்கள் மண்வெட்டி கொண்டு வருகிறார்கள். நீர் தட்டும் ஆழத்தை எழுதிக்கொண்டு, பிறகு மலை ஏறுவோம்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.