தீருவின் ஈராமும் சேதுக்கரைச் சிற்பிகளும்



ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் ஓர் அரசர் கோயில் கட்ட விரும்பினார். தானியம் நிறைய இருந்தது, ஆள் பலமும் இருந்தது. நல்ல மரம் இல்லை. மரத்தை வெட்டி இழைக்கத் தெரிந்த கைகளும் போதவில்லை. அந்த அரசர் சாலொமோன். வடக்கே, மத்தியதரைக் கடலோரத்தில் தீரு என்று ஒரு துறைமுகம். பெனிக்கியர்களின் ஊர் அது. அதன் அரசர் ஈராம், சாலொமோனின் தந்தை தாவீதுக்கே நண்பர். அவருக்குச் சாலொமோன் தூது அனுப்பினார். மரம் வெட்டுவதில் உங்கள் ஆட்களுக்கு ஈடானவர் எங்களிடம் இல்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டே உதவி கேட்டார்.

ஈராம் இசைந்தார். லீபனோன் மலையில் கேதுரு மரங்களை வெட்டிக் கடலில் இறக்கினார்கள். தெப்பங்களாகக் கட்டி யோப்பா துறை வரை மிதக்கவிட்டார்கள். அங்கிருந்து எருசலேமுக்கு மலையேற்றினார்கள். பதிலுக்குச் சாலொமோன் ஆண்டுதோறும் 20,000 கலம் கோதுமையும் 20 கலம் ஒலிவ எண்ணெயும் அளந்தார். பத்தாயிரம் பத்தாயிரம் பேராக 30,000 ஆட்கள் முறை வைத்து லீபனோனுக்குப் போனார்கள். ஒரு மாதம் மலையில், இரண்டு மாதம் வீட்டில். கற்களைப் பாறை வெட்டுமிடத்திலேயே பணிதீர்த்துக் கொண்டுவந்ததால், கோயில் எழும்பிய இடத்தில் சுத்தியலோசையே கேட்கவில்லை என்கிறது விவிலியம்.

அந்த வரலாற்றில் இன்னொரு ஈராமும் வருகிறார். இவர் அரசர் அல்லர், வெண்கல வேலைக்காரர். தாய் நப்தலி கோத்திரத்து விதவை. தந்தை தீரு ஊரார், அவரும் வெண்கலக் கன்னார். கோயில் முகப்பில் நின்ற 18 முழ உயரத் தூண்கள் இரண்டும் இவர் வார்த்தவை. ஒன்றின் பெயர் யாகீன், மற்றொன்றின் பெயர் போவாஸ். தூண்களின் தலைப்பில் மாதுளங்கனிகளை வரிசை வரிசையாகத் தொங்கவிட்டார். பன்னிரண்டு எருதுகள் தாங்கி நிற்க, விளிம்புக்கு விளிம்பு 10 முழம் அகலத்தில் ஒரு பெருந்தொட்டியை வார்த்தார். யோர்தான் சமவெளியின் களிமண் தரையில் அச்சு எடுத்து வார்த்தார்கள் என்று வேலை நடந்த இடம் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அரசர்களைப் பற்றியே பேசும் ஒரு நூல் ஒரு கன்னாரின் பெயரையும், அவர் தாய் தந்தையரையும், அவர் செய்த ஒவ்வொரு பொருளையும் விடாமல் குறித்திருக்கிறது. இன்றைய பேச்சு இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

இதே கதை நம் கரையிலும் நடந்திருக்கிறது. இராமேசுவரம் தீவில் தோண்டினால் மணலும் பவளப்பாறையும்தான். தூணுக்கும் உத்தரத்துக்கும் ஏற்ற கருங்கல் அங்கே கிடையாது. அப்படியிருக்க இராமேசுவரம் கோயில் என்ற இவ்வளவு பெரிய கற்றளி எழுந்ததென்றால் கல் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914இல், சாலைப் பாலம் 1988இல். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் பெரும் பிரகாரங்களை எழுப்பிய 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கல்லுக்குத் தோணியை விட்டால் வேறு வழியில்லை.

கடலுக்கு அப்பால் இருந்த நண்பர்களும் உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லன் (1187–1196), இராமேசுவரத்தில் நிசங்கேசுவரம் என்ற கோயிலை எடுத்ததாகத் தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறார். மூலவர் கருவறைக்கான கற்களைத் திருகோணமலையில் செதுக்கிக் கப்பலேற்றி அனுப்பியவர் இலங்கை மன்னர் என்பது தலைமுறைகளாக வழங்கும் செய்தி. சிலர் பராக்கிரமபாகு என்பர், சிலர் பரராசசேகரன் என்பர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசுகளில் நந்தியின் உருவத்தோடு 'சேது' என்று தமிழில் பொறித்தார்கள். பாக்கு நீரிணை அன்று அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே திறந்து கிடந்த பாதையாக இருந்தது. லீபனோன் மரம் யோப்பாவுக்கு மிதந்து வந்தது போலத் திருகோணமலைக் கல் இராமேசுவரத்துக்கு மிதந்து வந்தது என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

உள்நாட்டு உதவியும் இருந்தது. கிழவன் சேதுபதிக்குக் கீழக்கரை வணிகர் ஷெய்கு அப்துல் காதிர், நாம் வள்ளல் சீதக்காதி என்று கொண்டாடும் மரைக்காயர், உற்ற நண்பர். இராமநாதபுரம் கோட்டையை வலுப்படுத்த அவர் கைகொடுத்தார் என்பது இந்தச் சீமையின் நினைவு. கீழக்கரை ஜும்மா பள்ளிக்குள் நுழைந்து தூண்களைப் பாருங்கள். கோயில் மண்டபத்தில் பார்த்துப் பழகிய அதே தூண் அமைப்பு, அதே போதிகை வேலைப்பாடு. ஒரே மரபில் பயின்ற கைகள் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கல் செதுக்கியிருக்கின்றன.

இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நின்று பார்ப்போம். கிழக்கு மேற்காக ஒரு பக்கம் ஏறத்தாழ 690 அடி, வடக்கு தெற்காக ஏறத்தாழ 435 அடி. 1,212 தூண்கள் என்று கணக்கு. இரு புறமும் ஆள் நெஞ்சளவு மேடை, அதன்மேல் தூண், தூணின்மேல் போதிகை, போதிகையின்மேல் உத்தரம். ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால் கோடு பிசகுவதில்லை. இதைச் சாதித்தவர்களிடம் இருந்த கருவிகள் உளி, சுத்தி, மூலைமட்டம், தூக்குக்குண்டு, நூல் கயிறு. ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை நூலில் இந்த நெடும் பிரகாரங்களைத் தனியாக எடுத்து வியந்திருக்கிறார்.

இந்த மூன்றாம் பிரகாரத்தின் மேற்கு வாயிலில் சிலைகள் இருக்கின்றன. ஒன்று மன்னர் முத்துராமலிங்க சேதுபதி. அருகில் அவருடைய அமைச்சர்கள் முத்திருளப்ப பிள்ளையும் கிருஷ்ண ஐயங்காரும். பணி முடித்தவர்களை நன்றியோடு நிறுத்தியிருக்கிறார்கள். அது அவர்களுக்குத் தகும். ஆனால் 1,212 தூண்களில் ஒன்றையாவது செதுக்கிய ஒருவரின் பெயர் இந்த அவையில் யாருக்குத் தெரியும்? நம் பள்ளிப் பாடத்தில் வந்ததா? கோயிலுக்கு வருவோர் வாங்கும் தலவரலாற்றுப் புத்தகத்தில் வந்ததா?

இங்கேதான் ஈராமின் கதை மறுபடி வருகிறது, அதுவும் நம் சீமையின் வரலாற்றோடு பின்னிக்கொண்டு.

ஐரோப்பாவில் கொத்தர்களின் பழைய குழுக்களைப் பின்பற்றி ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கம் வளர்ந்தது. லண்டனில் அதன் தலைமைச் சபை 1717இல் அமைந்தது. மூலைமட்டமும் கவராயமும் அதன் சின்னம். அந்தச் சங்கம் சாலொமோனையோ தீருவின் அரசரையோ தன் கதைக்கு நாயகனாக வைக்கவில்லை. விதவையின் மகனான அந்தக் கைவினைஞரை வைத்தது. அவர்கள் சொல்லும் கதை இது: கோயில் முடியும் தறுவாயில் மூன்று வேலையாட்கள் மூன்று வாசல்களில் அவரை மறித்து, தலைமைக் கொத்தருக்கு மட்டுமே உரிய இரகசியச் சொல்லைக் கேட்கிறார்கள். அவர் மறுக்கிறார். அளவுகோலாலும் மூலைமட்டத்தாலும் கொட்டாப்புளியாலும் அடித்துக் கொல்கிறார்கள். உயிரைக் கொடுத்தாலும் தொழிலின் நம்பிக்கையைக் காட்டிக்கொடுக்காதவர் என்று இன்றுவரை அவரைப் போற்றுகிறார்கள். விவிலியத்தில் இந்தக் கொலை இல்லை. ஈராம் தன் வேலையை முழுமையாக முடித்தார் என்றே அது சொல்கிறது. 1730இல் லண்டனில் வெளிவந்த சாமுவேல் பிரிச்சர்டின் நூலில்தான் இந்தச் சம்பவம் அச்சேறியது. ஆகவே இது வரலாறு அல்ல, ஒரு சங்கத்தின் கதை. ஆனாலும் உழைத்தவனை நடுவில் நிறுத்திய கதை.

இந்தச் சங்கத்தில் சேர்ந்த முதல் இந்தியராகக் குறிக்கப்படுபவர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா. சேர்ந்த இடம் திருச்சி, காலம் 1770களின் நடுப்பகுதி. அதே உம்தத்-உல்-உமராதான் 1772இல் ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித்தோடு படைகொண்டு வந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தவர். அன்று சிறுவராக இருந்த முத்துராமலிங்க சேதுபதியையும் அவருடைய தாயார் முத்துத்திருவாயி நாச்சியாரையும் திருச்சியில் சிறைவைத்தார்கள். கோயில் கட்டிய கைவினைஞனைப் போற்றும் சங்கத்தில் நவாப்பின் மகன் உறுப்பினரான நாட்களில், இராமேசுவரத்துப் பெரும் பிரகாரத்தை நிறைவு செய்தவர் என்று பின்னாளில் போற்றப்பட்டவர் அதே ஊரில் கைதியாக இருந்தார். ஒரு நூற்றாண்டு கழித்து 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்திறங்கிப் பாஸ்கர சேதுபதியின் வரவேற்பை ஏற்ற சுவாமி விவேகானந்தரும், துறவு கொள்வதற்கு முன் கல்கத்தாவில் இந்தச் சங்கத்தில் சேர்ந்திருந்தவர்தான்.

கைவினைஞனை நாயகனாக வைக்கும் கதை நமக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. சேது என்ற பெயரே ஒரு கைவினைஞனின் வேலையைக் குறிக்கிறது. வான்மீகியின் இராமாயணத்தில் அணை கட்டியவன் நளன், தேவதச்சன் விசுவகர்மாவின் மகன். தீருவின் ஈராமைப் போலவே தந்தையின் தொழிலைக் கைவரப்பெற்றவன். ஐந்து நாளில் 100 யோசனை நீளம் கட்டினான் என்கிறது காவியம். அந்தத் திறமை தன்னிடம் இருப்பதை நளன் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கடல் தெய்வம் அவனைச் சுட்டிக்காட்டிய பிறகே வாய் திறக்கிறான். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்காதபோது என் திறமையை நானே எப்படிச் சொல்வது என்ற பொருள்பட விடை தருகிறான்.

நம் கைவினைஞர்களும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்டவர்களும் தமிழகத்தில் இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் தன் கொடையையும் தன் அக்காள் குந்தவையின் கொடையையும் வெட்டுவித்த கையோடு, குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்ற தலைமைத் தச்சரின் பெயரையும் கல்லில் ஏற்றினார். கோயிலில் ஆடவும் பாடவும் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் தெருவாரியாக, வீடுவாரியாக அங்கே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்ய முடிந்ததை இன்று செய்யத் தடை எதுவும் இல்லை.

நம் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிள்ளையார்பட்டி, அன்றைய ஒருங்கிணைந்த இராமநாதபுரம் மாவட்டம். அங்கே 1927இல் ஸ்தபதிக் குடும்பத்தில் பிறந்தவர் வை. கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரிக் கடற்பாறையில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலை அவர் தலைமையில் எழுந்தது. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. கற்களைக் கரையில் பட்டறைகளில் செதுக்கிக் கடல்வழியே பாறைக்குக் கொண்டுபோனார்கள். திருகோணமலைக் கல்லின் கதையும் எருசலேமின் கதையும் நம் கண்முன் மீண்டும் நடந்தன. இந்த முறை ஸ்தபதியின் பெயர் நாட்டுக்குத் தெரிந்தது, 2009இல் பத்மபூஷண் விருதும் வந்தது. அவருக்குக் கீழே உளி பிடித்த நூற்றுக்கணக்கானவர்களின் பெயர்களை எத்தனை பேர் எழுதி வைத்தோம்?

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குள் நடந்தாலும் இதே கேள்விதான். சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். சேதுபதி ஐரோப்பியரை வரவேற்கிறார், போர் நடக்கிறது, இராமாயணக் காட்சிகள் வரிசையாகத் தொடர்கின்றன. அமர்ந்திருக்கும் மன்னர் யாரென்று அறிஞர்கள் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் குழைத்துத் தீட்டியவர் யாரென்று பார்க்க வருகிறவர் கேட்டால் நம்மிடம் பெயர் இல்லை.

எனவே இந்த மேடையிலிருந்து மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, செப்பேடுகளைப் படிப்பது. சேதுபதிகளின் செப்பேடுகளை இராமநாதபுரத்து ஆய்வாளர் எஸ்.எம். கமால் அரும்பாடுபட்டுத் தொகுத்து அச்சில் தந்துவிட்டுப் போயிருக்கிறார். கொடை கொடுத்தவரையும் பெற்றவரையும் தேடி அவற்றைப் பலர் படித்தாயிற்று. இனி கல்தச்சர், கொல்லர், கன்னார், தச்சர், செப்பேட்டை வெட்டியவர் எங்கெங்கே வருகிறார்கள் என்று தேடி ஒரு தனிப் பட்டியல் எடுக்க வேண்டும். சேதுபதி அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் இதைத் தங்கள் பணியாக ஏற்க வேண்டும்.

இரண்டாவது, உயிரோடிருப்பவர்களைக் கேட்பது. பாம்பனிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் படகு கட்டும் ஆசாரிகள் இருக்கிறார்கள். கோயில் திருப்பணிகளுக்குப் போய்வரும் கல்தச்சர்கள் இருக்கிறார்கள். தாத்தா பெயர் என்ன, எந்தக் கோயிலில் எந்தத் தூணில் வேலை செய்தார், எந்தப் படகுக்கு ஏரா வைத்தார், யாரிடம் தொழில் கற்றார் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். கைபேசியில் குரலைப் பதியட்டும்.

மூன்றாவது, மன்னரும் அமைச்சர்களும் நிற்கும் அந்த மேற்கு வாயிலில் ஒரு கல்வெட்டு. கல் எங்கிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது, எத்தகைய கைகள் செதுக்கின, எந்தெந்தத் திருப்பணியில் யார் யார் வேலை செய்தார்கள் என்று கிடைக்கும் பெயர்களை அதில் ஏற்ற வேண்டும். பட்டியல் வளர வளரச் சேர்த்துக்கொள்ளக் கீழே வெற்றிடம் விட வேண்டும். அறநிலையத் துறைக்கு இதற்கான மனுவை இந்தக் கூட்டம் முடிந்ததும் எழுதிவிடலாம். கையெழுத்திட விரும்புகிறவர்கள் மேடைக்குப் பக்கத்து மேசைக்கு வாருங்கள். உங்கள் குடும்பத்தில் உளியோ இழைப்புளியோ பிடித்தவர் யாராவது இருந்தால், உங்கள் பெயருக்கு முன்னால் அவர் பெயரை எழுதுங்கள்.