மூட்டு மாத்திரையும் ஒரு டப்பா பாடமும்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் செயலாளர், "சார், அந்த மாத்திரை விஷயத்தை நீங்களே சொல்லிடுங்க" என்றார். சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காலையில் கூட நடக்கும் நண்பர் சொன்னாரென்று குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் கலந்த மாத்திரை வாங்கினேன். வலி குறைந்த மாதிரி இருந்தது. உடனே என் மனைவிக்கும் கொடுத்தேன். அவருக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆனதிலிருந்து வார்ஃபரின் மாத்திரை உண்டு. இரண்டு மாதத்தில், அடிபடாமலேயே கையில் நீலத் திட்டுகள். ஐ.என்.ஆர். அளவு ஏறியிருந்தது. "புதுசா ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் இல்லையே" என்றார் இவர். பொய் சொல்லவில்லை, சத்து மாத்திரையை நாங்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான்தான் விஷயத்தைச் சொன்னேன். குளுக்கோசமைன் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம் என்றார் டாக்டர். நிறுத்தினோம். அளவு இறங்கியது.

வீட்டுக்கு வந்துதான் டப்பாவை முழுதாகப் படித்தேன். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. சத்துப் பொருள்களில் இதைப் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இன்னொன்று, குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. பிறந்ததிலிருந்து சைவமான என் மனைவி அன்றிரவு என்னோடு பேசவில்லை. பச்சைப் புள்ளியா, பழுப்புக் குறியா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, பலனாவது உண்டா? அமெரிக்காவில் அரசு நிதியில் 1,583 முழங்கால் வலிக்காரர்களிடம் 24 வாரம் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு சுமார் 67 பேருக்கு வலி குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு 60 பேருக்குக் குறைந்தது. மொத்தத்தில் இது பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். வலி அதிகமாக இருந்த சிறு பிரிவினருக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. என் வலி 'குறைந்த' ரகசியம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது கால்சியம். நம்மில் பலர் இரண்டு கணக்கை ஒன்றாகக் குழப்புகிறோம். மூட்டுத் தேய்மானம் என்பது முக்கியமாக எலும்பு முனையிலுள்ள குருத்தெலும்பு தேய்வது. கால்சியம் அதை வளர்க்காது. எலும்பு மெலிந்து முறியாமல் இருக்கத்தான் கால்சியமும் வைட்டமின் டி-யும். அதுவும் வேண்டியதுதான், ஆனால் அது வேறு கணக்கு.

பெரியவர்களுக்குத் தினம் 1,000 மில்லிகிராமாவது கால்சியம் வேண்டும். நம் தஞ்சாவூர்ச் சாப்பாட்டில் மூன்று வேளையும் அரிசிதான். 100 கிராம் அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறுவது கஷ்டம். அதே அளவு கேழ்வரகில் 340-க்கு மேல். ஒரு டம்ளர் பாலில் சுமார் 200. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, எள்ளு எல்லாவற்றிலும் நிறைய உண்டு. காவிரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர்தான். அதற்காக ஒருவேளை கேழ்வரகு அடை சாப்பிட்டால் குற்றமில்லை.

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் பொதுவாக வாரம் ஒன்று என்றுதான் எழுதித் தருவார்கள். அதைத் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். சீட்டைத் திரும்பப் படியுங்கள்.

முழங்காலுக்கு நிச்சயப் பலன் தருவது இரண்டு: தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. இதைவிட நல்ல வட்டி எந்த டெபாசிட்டிலும் நான் போட்டுக் கொடுத்ததில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றே ஒரு தாளில் நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாத்திரை, சத்துப் பவுடர், லேகியம், கஷாயம், பேரன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய டப்பா எதையும் விடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எழுதியவர் என் மனைவி. எனக்கு அதில் திருத்தும் அதிகாரம் கிடையாது.