விளையாட்டுத் திடலும் வறிய இளைஞரும்

கல்முனையின் மாலைப் பொழுதைக் கண்டவர்கள் ஒரு காட்சியை மறத்தல் அரிது. அஸர்த் தொழுகை முடிந்து வெயில் தணிந்ததும் சந்தாங்கேணி மைதானத்தை நோக்கி இளைஞர் செல்வர். பந்து உருளும், ஆரவாரம் எழும், மஃரிப் பாங்கொலி கேட்டதும் திடல் அமைதியுறும். ஊரின் இளமை முழுவதும் அங்கே கூடிவிட்டதாகவே பார்ப்போர் எண்ணுவர். ஆயினும், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, உருண்டோடி வரும் பந்தை எடுத்தெறிந்து கொடுக்கும் சிறுவன் ஒருவன் எந்த மைதானத்திலும் இருப்பான். அவனைப் பற்றியதே இப்பேச்சு.

அவன் யார்? விடியுமுன் கரைவலை இழுக்கச் சென்று, அதனாற் பள்ளிக்கூடத்தை மறந்தவனாக இருக்கலாம். மருதமுனையில் தறியோசையோடு வளர்ந்து, க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவனாகவும் இருக்கலாம். கழகத்துக்குச் சந்தா செலுத்தவும், சீருடையும் பாதணியும் வாங்கவும் அவனிடம் பொருளில்லை. மைதானம் பொதுச்சொத்துத்தான். ஆனால், நேரம் ஒதுக்கப்படாதவனுக்குப் பொதுச்சொத்தும் பிறர் சொத்தே அன்றோ!

இக்கரையோரத்தில் நிலமும் அரிய பொருளாகும். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. கடற்கரை மணலே பல பிள்ளைகளின் முதல் மைதானம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் அக்கடலே பொங்கி எழுந்து, அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. இலங்கையில் வேறெம்மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை. அன்று தாயையோ தந்தையையோ இழந்த கைக்குழந்தைகள் இன்று வாலிபர்.

இத்தகைய இளைஞருக்குத் திடல் எவ்வாறு துணையாகும்? முதலாவது, நிலத்துக்கும் வறுமைக்கும் ஏற்ற விளையாட்டைத் தெரிதல் வேண்டும். உதைபந்தாட்டத்துக்குப் பரந்த வெளி தேவை. கபடிக்கோ 13 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் போதும். அணிக்கு எழுவர், பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். நிந்தவூர் கபடியிற் பெயர் பெற்று, தேசிய அணிக்கும் வீரர்களை அளித்தமை இவ்வுண்மைக்குச் சான்றாகும். நாட்டின் தேசிய விளையாட்டாகிய கரப்பந்தாட்டத்துக்கும் 18 மீற்றருக்கு 9 மீற்றர் கொண்ட களமே போதுமானது.

இரண்டாவது, நேரமும் பொறுப்பும் பகிரப்படல் வேண்டும். இதற்குக் கென்யாவின் தலைநகர் நைரோபி நல்லதோர் எடுத்துக்காட்டு. அங்கே மத்தாரே என்னும் சேரிப்பகுதியில் 1987ஆம் ஆண்டு சிறுவருக்கென உதைபந்தாட்டக் கழகமொன்று தோன்றியது. குப்பை அகற்றிச் சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்யும் அணிக்கு, ஆட்டத்தில் வெல்வதற்குக் கிடைப்பதுபோலவே புள்ளிகள் வழங்கப்பட்டன. தொண்டிற் சிறந்த இளைஞரின் பாடசாலைக் கட்டணத்துக்கும் உதவி கிடைத்தது. பணமில்லாதவன் உழைப்பையே சந்தாவாகச் செலுத்தினான். ஆகவே அவன் இரவலனாக அன்றி, உரிமையாளனாகவே திடலில் நின்றான்.

கல்முனைக் கரையிலும் இது கூடாத காரியமன்று. வாரத்தில் இரு மாலைகள் கழகஞ் சாராத பிள்ளைகளுக்கென ஒதுக்கப்படலாம். களத்தைப் பெருக்கிக் கோடிடுவோர்க்குச் சந்தாவை விலக்கலாம். பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், மூத்த வீரரும் ஒன்றுகூடின், பாடசாலையை விட்டவனை மீண்டும் வகுப்புக்கோ தொழிற்பயிற்சிக்கோ அழைத்துச் செல்லும் வழியும் அங்கேயே பிறக்கும். பெண்பிள்ளைகளை மறத்தலும் ஆகாது. மதில் சூழ்ந்த பாடசாலை முற்றமும், பெண் பயிற்றுநரும், பெற்றோர் இசையும் வேளையும் அமையின், அவர்களும் தயக்கமின்றி விளையாடுவர்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர் பெரியோர். முளையைக் காணக் குனிந்து நோக்குவாரும் வேண்டுமல்லவா? வெற்றிக் கிண்ணங்கள் கழகத்தின் அலுமாரியை அழகு செய்யட்டும். ஆனால், எல்லைக்கோட்டில் நின்ற சிறுவனின் பெயரை ஒருவர் கேட்டறிந்து, ‘நாளை நீயும் வா, தம்பி’ என்று அழைக்கும் மாலையிலேதான் அம்மைதானம் உண்மையிற் பொதுமைதானம் ஆகும்.